ஒடுக்கு எடுக்கிற சார்

எங்கள் வீட்டு டபராக்களில் ஒன்றைத் தவிர வேறெதிலும் ஒடுக்கு கிடையாது. அந்தப் பெருமை எங்களுக்குச் சேராது. கீழ்த்தளத்து சார் அவ்வப்போது காபிக்கு வருவார். டபராவைக் கையில் வாங்கியதும் அவருடைய கட்டைவிரல் அதன் வயிற்றைத் தடவிப் பார்க்கும். எங்காவது சின்னப் பள்ளம் தட்டுப்பட்டால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். காபியை ஓரமாக வைத்துவிட்டு, ஸ்பூனின் முதுகை உள்பக்கம் கொடுத்து, குழந்தைக்கு வயிறு தடவுகிற பதத்தில் அழுத்திக்கொண்டே இருப்பார். "ம், இப்போ பாருங்கோ" என்று அவர் நிமிரும்போது டம்ளரில் காபி ஆறி ஆடை கட்டியிருக்கும்.

இதைக் கண்டுகொண்ட என் மனைவி, நசுங்கின பாத்திரமாகத் தேடி எடுத்து அவருக்குக் காபி கொடுக்க ஆரம்பித்தாள். ஒருநாள் ரசம் வைக்கிற ஈயச் சொம்பிலேயே கொண்டுவந்து நீட்டினாள். ஏன் சொம்பில் காபி என்று மனிதர் கேட்கவே இல்லை. "அடடா, கழுத்துல பட்டிருக்கே" என்றார்.

பெயரைச் சொல்ல வேண்டாம். மந்தைவெளியில் எங்கள் பழைய அடுக்ககத்தில் எல்லோருக்கும் அவர் சார்தான். ஒரிஜினல் உதிரிபாகம்தான் வேண்டும் என்று நிற்பதால், புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் "ஒரிஜினல் சார்". அவர் மனைவிக்கு மட்டும் "ஏன்னா".

அவருடைய உத்தியோகம் விசித்திரமானது. தேனாம்பேட்டையில் ஆபீஸ். இன்ஷூரன்ஸ் கேட்டு வருகிற வண்டிகளின் சேதத்தைப் பார்த்து எழுதிக் கொடுப்பது வேலை. ஒரு பள்ளத்தைப் பார்த்தால் அது எதில் மோதியது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எவ்வளவு பழசு என்று ஜாதகம் கணிப்பார். ஒரு கார்க்காரர், "நேத்து பஸ் இடிச்சிட்டுப் போயிட்டான் சார்" என்று கண்ணைக் கசக்கியிருக்கிறார். இவர் பள்ளத்தில் விரலை ஓட்டிவிட்டு, "பஸ் இல்லை, உங்காத்து வாசல் கேட். நேத்தும் இல்லை, மழைக்கு முன்னாடி" என்றாராம்.

"நாள் பூரா ஊர்ல இருக்கற ஒடுக்கையெல்லாம் பாக்கறேன். எழுதத்தான் அதிகாரம், எடுக்க அதிகாரம் இல்லை. ஆத்துக்கு வந்து ஒண்ணையாவது எடுத்தாத்தான் சாதம் உள்ள இறங்கறது" என்பார்.

அதற்காகத்தான் வண்டிகள். கார் நிறுத்துகிற இடத்தில் கார் இல்லாமல் மூன்று பழைய மோட்டார் வாகனங்களை வைத்திருந்தார். கனத்த ஒற்றை சிலிண்டர் சீமை வண்டிக்குப் பெயர் பெரியப்பா. இடுப்பு அகன்ற ஸ்கூட்டர் அத்தை. புகையும் சத்தமுமாக எந்நேரமும் சண்டைக்கு நிற்கிற சின்ன வண்டி மச்சினன். மூன்றையும் துருப்பிடித்த எலும்புக்கூடுகளாகத் தூக்கிவந்து, தொழிற்சாலை வாசலில் முதல்நாள் நின்ற கோலத்துக்குக் கொண்டுபோயிருந்தார். ஒரு ஹெட்லைட் வளையத்துக்காகப் புதுப்பேட்டையில் மாதக்கணக்கில் அலைவார். கிடைத்த அன்று அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கல்யாணம் நிச்சயமான வீட்டுக்காரர் மாதிரி மாடிப்படி ஏறி வந்து எல்லோருக்கும் காட்டுவார். கைப்பிடியைக் காட்டி, "இது ரப்பர் இல்லை, செல்லுலாய்ட்" என்று அவர் ரகசியம் சொல்லும்போது, அது தெரியாமல் இத்தனை நாள் எப்படி உயிர் வாழ்ந்தோம் என்று நமக்கே இருக்கும்.

அவர் வாயிலிருந்து விழுந்ததையெல்லாம் நான் மனதில் முடிந்து வைத்திருக்கிறேன். "எல்லாரும் காலண்டரைக் கிழிப்பா. நான் கிழிச்சதை எடுத்து ஒட்டிண்டிருக்கேன்." பட்டன் ஸ்டார்ட் வண்டிகளைப் பற்றி: "பட்டனை அழுத்தினா காலிங் பெல்தான் அடிக்கணும், வண்டி கிளம்பப்படாது." பள்ளத்தில் பட்டி அப்பிப் பெயிண்ட் அடிக்கிறவர்களைப் பற்றி: "அது வைத்தியம் இல்லை. புண்ணு மேல பவுடர்."

ஞாயிற்றுக்கிழமை காலை பெரியப்பாவுக்குப் பூஜை. கார்பரேட்டரை விரலால் ரெண்டு தட்டு தட்டுவார். பெட்ரோல் வாசனை முதல் மாடி வரைக்கும் ஏறும். கிக்கரை மெதுவாக மிதித்து, எங்கோ ஓரிடத்தில் நிறுத்தி, மூச்சைப் பிடித்து, ஒரே உதை. கிளம்பிவிட்டால் சிக்ஸர் அடித்தவர் மாதிரி பால்கனிகளை அண்ணாந்து பார்ப்பார். கிளம்பாவிட்டால், "இன்னிக்கு அவருக்கு மூட் இல்லை" என்று சமாதானம்.

சமையலறை ஜன்னலிலிருந்து மாமியின் குரல் வரும். "வண்டிக்கு மூட் இல்லேன்னா தடவிக் குடுக்கறேள். எனக்கு மூட் இல்லேன்னா மட்டும் குழம்பு எங்கேன்னு கேக்கறேளே!"

ஒரு தடவை என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பெசன்ட் நகர் பீச்சுக்குப் போனார். அன்றுதான் அந்தப் பைத்தியம் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. புது வண்டி ஓடும்போது ஒரே இரைச்சலாக ஓடும். பெரியப்பா அப்படி இல்லை. ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக அடித்து, தொடை வழியாக நமக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டே போவார். அவசரமே இல்லாத ஒருவரோடு நடந்துபோகிற மாதிரி. அடையாறு சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற பையன்கள் வாயைப் பிளந்தார்கள்.

"மச்சி, இன்னா வண்டிடா இது! அங்கிள், மைலேஜ் எவ்ளோ குடுக்குது?"

சார் திரும்பாமலே சொன்னார்: "உங்க தாத்தாவைப் பாத்து, ஒரு வேளைக்கு எத்தனை இட்லின்னு கேப்பியோ?"

இத்தனை ரசனையுள்ள மனிதருக்கு ஒன்று மட்டும் ஆகாது. வண்டியின் கதை. பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லோரிடமும் ஒரு கதை இருக்குமே, "இதுலதான் எங்கப்பா..." என்று ஆரம்பிப்பார்கள். சார் அதற்குள் சக்கரத்துப் பக்கம் குனிந்துவிடுவார். "கதையைக் கழட்டி உங்ககிட்டயே வெச்சுக்கோங்கோ. வண்டியை மட்டும் குடுங்கோ" என்பார். கதைக்காகவே அலைகிற எனக்கு இது பெரிய அநியாயமாகப் படும். அவருக்கோ கதை என்பதும் ஒருவகை அழுக்கு. தேய்த்துக் கழுவ வேண்டியது.

அப்படித்தான் ராயப்பேட்டை பாயிடம் போய் மாட்டினார்.

யாரோ காரின் சேதத்தைப் பார்க்கப் போன சந்தில், பக்கத்து வீட்டு மாடிப்படிக்கு அடியில் தார்ப்பாய்க்கு வெளியே ஒரு ஹேண்டில்பார் நீட்டிக்கொண்டு தெரிந்திருக்கிறது. போய்த் தூக்கிப் பார்த்தால், சார் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்த சீமை வண்டி. பெரியப்பாவுக்கும் மூத்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தார்ப்பாய்க்குள் ஒரு கையை விட்டு டேங்க்கின்மேல் வைத்துக்கொண்டு பாய் உட்கார்ந்திருந்தார். ஒருகாலத்தில் கல்யாண ஷெர்வானிக்கு ஜரிகை வேலை செய்துகொடுத்தவர். ஊசியில் நூல் கோத்தே தேய்ந்தது போல இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது.

"விக்க மாட்டேன் நைனா" என்றார் பாய், இவர் வாயைத் திறப்பதற்கு முன்பே. "ஊட்ல பசங்க காயலான் கடையில போடுன்னு சொல்லிக்கினு கீறாங்க. அவங்களுக்கும் அதே பதில்தான்."

"விக்க வேண்டாம் பாய். எனக்கு ஒண்ணும் தர வேண்டாம். புதுசு மாதிரி பண்ணி உங்க வாசல்ல கொண்டுவந்து நிறுத்தறேன். ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாக்க விட்டாப் போறும்."

பாய் யோசித்தார். "ஓடுமா?"

"ஓடும்."

"சத்தம் வருமா, பழைய சத்தம்?"

"அதே சத்தம்."

"அப்ப எடுத்துக்கினு போ. இந்த டேங்க்கு பாரு, இது இன்னா ஆச்சின்னா..." என்று பாய் ஆரம்பித்தார். சார் வழக்கம்போல, "கதை அப்பறம் பாய். மொதல்ல வண்டியை வெளியில எடுப்போம்" என்று சொல்லிவிட்டார்.

டேங்க்கின் மேல்புறம், வலதுகைப் பக்கமாக ஒரு பெரிய பள்ளம் இருந்தது. உள்ளங்கை அகலம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சார் அதில் விரலை ஓட்டி எனக்கு ஜாதகம் வாசித்தார். "வட்டமான பொருள். கனம் உண்டு. ஒசக்கேருந்து சாஞ்சாப்பல வந்திருக்கு. தேங்காய். சந்தேகமே இல்லை, தென்னை மரத்தடியில நிறுத்தியிருக்கா."

அந்தப் பள்ளத்தை எடுக்க அவர் பட்ட பாடு இருக்கிறதே! டேங்க்கின் வாய் சின்னது. அதற்குள் போய் வளைந்து திரும்புகிற மாதிரி ஒரு கம்பியை அவரே வளைத்துச் செய்தார். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தால், டேங்க்கை மடியில் கிடத்திக்கொண்டு உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குவார். ஒரு சொட்டு பட்டி கிடையாது. கடைசியில் நெற்றி மாதிரி வழவழவென்று வந்தது. கருஞ்சிவப்பு வண்ணம் அடித்து, ஓரத்தில் பொன்கோட்டைத் தன் கையாலேயே இழுத்தார். மாமிகூடக் கீழே இறங்கி வந்து பார்த்துவிட்டு, "நன்னாத்தான் இருக்கு" என்றாள். அவள் அகராதியில் அதற்குமேல் பாராட்டு இல்லை.

வண்டியைக் கொண்டுபோன சாயங்காலம் நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். சந்து முனையிலேயே பாய் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பது தெரிந்தது. "என் வண்டி வருது! ஏ, என் வண்டி வருது!" என்று வீட்டுக்குள் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். சாரின் முதுகு அப்படியே நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

வண்டியை நிறுத்தினோம். பாய் பக்கத்தில் வந்து ஹேண்டில்பாரைத் தொட்டார், சிரித்தார். சீட்டைத் தொட்டார். அப்புறம் டேங்க்கில் கையை வைத்தார். கை அங்கே நிற்கவில்லை. முன்னால் போயிற்று, பின்னால் வந்தது, பக்கவாட்டில் இறங்கிற்று, மறுபடி மேலே வந்தது. இருட்டு அறையில் ஸ்விட்சைத் தேடுகிற மாதிரி தேடியது. சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"ஷோக்கா கீது நைனா" என்றார். "யாரு வண்டி இது?"

சார் விளையாட்டு என்றுதான் நினைத்தார். "உங்க வண்டிதான் பாய். இன்ஜின் நம்பர் வேணும்னா படிச்சுக் காட்டட்டுமா?"

"நம்பரு கண்ணு கீறவனுக்கு. நான் கை வெக்கிற எடம் எங்க?"

சார் டேங்க்கைக் குனிந்து பார்த்தார். "அந்த ஒடுக்கா? எடுத்துட்டேனே பாய்" என்றார், பரிசு கொடுக்கிறவர் குரல் மாதிரி ஆரம்பித்து, கடைசி எழுத்துக்கு வரும்போது குரல் உள்ளே போய்விட்டது.

அப்போதுதான் அந்தக் கதை வந்தது. கல்யாணமான புதிதில், சினிமாவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, நண்பர்களோடு பீச்சுக்குக் கிளம்பியிருக்கிறார் பாய். வண்டியை உதைத்துக்கொண்டிருந்தபோது மாடி பால்கனியிலிருந்து டிபன் கேரியர் பறந்து வந்திருக்கிறது.

"அன்னிலேர்ந்து அந்தப் பள்ளத்துலதான் என் கை. ஊட்ல சண்டை வந்துச்சுன்னா வந்து அதுல கைய வெச்சிக்கினு கம்முனு ஒக்காந்துடுவேன். கண்ணு போனப்புறம் தெனம் அங்கதான். இந்தப் பொம்பள எப்படி இருந்தா, இன்னா கோவம், இன்னா வேகம், எல்லாம் அதுலதான் எனக்குத் தெரியும்."

வாசல் திரைக்குப் பின்னாலிருந்து பாயின் மனைவி வெளியே வந்தார். "பொய் சொல்றாரு தம்பி! நான் வண்டியவா அடிச்சேன்? இவர் தலையப் பாத்துத்தான் அடிச்சேன். வண்டி குறுக்க வந்துடுச்சு."

யாரும் சரியாகச் சிரிக்கவில்லை. பாய் கையை எடுத்துக்கொண்டார். கோபமே இல்லாமல், "நீயே வெச்சிக்க நைனா. நல்லா பண்ணிகீற. எனக்கு இது வேணாம்" என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் துழாவி உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

ஊரெல்லாம் தேடின வண்டி இலவசமாகக் கிடைத்தும், அதை வீடுவரை தள்ளிக்கொண்டே வந்த ஒரே மனிதர் எங்கள் சாராகத்தான் இருப்பார். "ஓட்டறதுக்கு எனக்கு யோக்யதை இல்லை" என்றார்.

அதற்கப்புறம் சில நாள் பெரியப்பாவுக்குக்கூடப் பூஜை நடக்கவில்லை. ஒரு மத்தியானம் கீழே போனேன். அந்தக் கருஞ்சிவப்பு டேங்க்குக்கு முன்னால், துணி சுற்றிய மரச் சுத்தியைத் தலைக்குமேல் ஓங்கியபடி நின்றுகொண்டிருந்தார். கை மட்டும் இறங்கவில்லை. மாமி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரலேன்னா விடுங்கோ. நான் வேணா ஒண்ணு போடட்டுமா? எனக்கு ரொம்ப வருஷமா ஆசை."

சார் சுத்தியைக் கீழே வைத்தார். "நீ போட்டா அது நம்மாத்து ஒடுக்கு" என்றார். சொன்னவர் அப்படியே நின்றார். பிறகு திடீரென்று சட்டையை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து, "வாங்கோ, ராயப்பேட்டைக்குப் போவோம்" என்றார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். அங்கே அவர் நடத்தியது விபத்து விசாரணையேதான். வண்டி அன்றைக்கு நின்ற இடத்தைக் கேட்டு அங்கே நிறுத்தினார். பாயின் மனைவியைப் பார்த்து, "அம்மா, அந்தக் கேரியர் இருக்கா?" என்றார்.

"இல்லாம? இன்னிக்கும் அதுலதான் பேத்திக்குச் சோறு போவுது."

"அன்னிக்கு உள்ள என்ன இருந்தது?"

"கிச்சடி."

"முழுசாவா?"

"வெறுங்கேரியர எவ தூக்கிப் போடுவா? ஒறைக்க வேணாமா?"

மேலேயிருந்து எறிய வேண்டும் என்று அவர் சொன்னபோது அந்த அம்மா முதலில் முட்டிவலி என்றார். அப்புறம், பாயின் கை மடியில் சும்மா கிடப்பதைப் பார்த்தார். உள்ளே போய் எல்லா அடுக்கிலும் அரிசியை நிரப்பிக் கேரியரைக் கொண்டுவந்தார். சார் அதைக் கனம் பார்க்கக் கையில் வாங்கினார். அதன் அடித்தட்டிலும் ஒரு நசுங்கல் இருந்தது, அதே சினிமா நாளில் விழுந்தது. சாரின் கட்டைவிரல் தன்பாட்டுக்கு அதற்குள் போய் உட்கார்ந்து அழுத்தத் தொடங்கியது. நான் மணிக்கட்டைப் பிடித்தேன். சூடு பட்டவர் மாதிரி விரலை இழுத்துக்கொண்டார்.

அம்மா ஒவ்வொரு படியாக ஏறி பால்கனிக்குப் போனார். பாயை நாங்கள் தள்ளிக்கொண்டுபோய்ச் சுவரோரம் நிறுத்தினோம். கீழே எல்லாம் தயார். மேலே கேரியர் அசையவில்லை.

"சும்மா எப்படி அடிக்கிறது?" என்றார் அம்மா. "கோவம் வரணும்ல?"

சார் பாயின் காதருகே குனிந்து, "ஏதாவது சொல்லுங்கோளேன்" என்று கெஞ்சினார்.

பாய் தொண்டையைச் செருமினார். அண்ணாந்து, குரலை உயர்த்தி, "எத்தினி வருசம் ஆனா இன்னா, உங்க அக்கா பண்ற பிரியாணி மாதிரி ஒனக்கு வரவே..."

டொங்!

தெருவில் காக்கைகள் எழுந்து பறந்தன. கேரியர் உருண்டு அரிசி சிதறியது. சார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். நான்தான் பாயைக் கூட்டிப்போனேன். அவர் கை டேங்க்கின் மேல் ஊர்ந்து, பள்ளத்தைக் கண்டு, நின்றது. கொஞ்சம் அப்படி, கொஞ்சம் இப்படி அசைந்து பார்த்தது.

"ரெண்டு விரலு தள்ளி வுழுந்துகீது" என்றார்.

மேலே அம்மாவின் முகம் வாடியது. சார் கையை எடுத்துவிட்டுப் பாயையே பார்த்தார்.

பாய் நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார். உட்கார்ந்து, அதை ரெண்டு விரல் நகர்த்திப் போட்டுக்கொண்டார். உள்ளங்கையை மறுபடி வைத்தார். இந்தத் தடவை அது எழுந்திருக்கவில்லை.

"இன்னா பண்றது, அவளுக்கும் வயசாவுதுல்ல" என்றார். "ஆனா அடி அவ அடிதான்."

சார் பக்கத்தில் வந்து குனிந்தார். பள்ளத்தின் விளிம்பில் வண்ணம் லேசாக வெடித்திருந்தது. "இங்க மட்டும் கொஞ்சூண்டு பெயிண்ட்டு..." என்று விரலை நீட்டினார்.

"கைய எடு நைனா" என்றார் பாய்.

இப்போது எங்கள் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். சாரும் மாமியும் பெரியப்பாவோடும் அத்தையோடும் மச்சினனோடும் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் கடைசிக் காபிக்கு வந்தார். என் மனைவிக்குப் பழைய குறும்பு போகவில்லை. பரணிலிருந்து எடுத்த, நன்றாக நசுங்கிப்போன பித்தளை டபரா ஒன்றில் கொண்டுவந்து வைத்தாள். ஸ்பூனையும் பக்கத்திலேயே வைத்தாள்.

அவருடைய கட்டைவிரல் பள்ளத்தைக் கண்டுபிடித்தது. ஸ்பூனை எடுத்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, என் மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"இது யார் போட்டது?" என்றார்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். அன்றும் காபி ஆறித்தான் போயிற்று.